அத்தை கார்

மார்ச் 3, செவ்வாய்

வேலை உறுதியாகிவிட்டது. மே முதல் வாரம் போய்ச் சேர வேண்டும். லிஃப்ட் பராமரிப்பில் மூத்த டெக்னீஷியன், மூன்று வருட ஒப்பந்தம், குடும்பத்தையும் கூட்டிப்போகலாம். கடிதத்தை நான் இரண்டு தடவை படித்தேன். மனைவி ஒரு தடவை படித்துவிட்டு, "அங்க குளிர் எப்படி இருக்குமாம்?" என்றாள். அவள் கவலை அவளுக்கு.

கூடவே ஒரு கையேடு அனுப்பியிருக்கிறார்கள். அதில் ஒரு பக்கத்தில் என் கண் நின்றுவிட்டது. வேலைக்காகக் குடியேறுகிறவர், தன் பெயரில் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிற, தானே ஓட்டிவந்த காரைச் சுங்க வரி இல்லாமல் கொண்டுவரலாம். என் கார் ஐந்து வருடமாக என் பெயரில்தான் இருக்கிறது.

தானே ஓட்டிவந்த. அந்த இடம்தான் உதைக்கிறது. கம்பெனி எனக்கு வேன் கொடுத்ததிலிருந்து, மூன்று வருடமாகக் கார் அக்காவிடம்.

மார்ச் 5, வியாழன்

மனைவிக்கு இது பிடிக்கவில்லை. "அக்காவுக்கு அது கை கால் மாதிரி. அதப் போய் ஏன் பிடுங்கணும்? அங்க ஒண்ணு வாங்கிக்கலாம்" என்கிறாள்.

பிடுங்குவதா? என் காரை நான் எடுத்துக்கொண்டால் அதற்குப் பெயர் பிடுங்குவதா?

புது ஊர், புது மொழி, தெரியாத தெருக்கள். நம் காரில் உட்கார்ந்தால் பாதி பயம் போய்விடும். இதைத்தான் அவளிடம் சொன்னேன். இது பொய்யில்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. போன மாதம் பள்ளிக்கூட வாசலில் அக்கா காரைக் கொண்டுவந்து நிறுத்தினாள். என் மகள் தன் தோழியிடம் காட்டி, "எங்க அத்தை கார்" என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். பதினாறு வருடம் கிரீஸ் கையோடு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனவன் முதன்முதலில் வாங்கிய பெரிய பொருள் அது. குழந்தை சொன்னதற்குக் கோபப்பட்டால் எவ்வளவு அசிங்கம். அதனால் கோபப்படவில்லை. மனசுக்குள் வைத்துக்கொண்டேன்.

சாயந்திரம் ஷிப்பிங் ஏஜெண்டைப் பார்த்தேன். காகிதங்களைப் புரட்டியவர் இன்ஷூரன்ஸில் நின்றார். "ஓட்டுறவங்கன்னு உங்க அக்கா பேரும் இருக்கே. பம்பர் இடிச்ச க்ளெய்ம் வேற அவங்க பேர்ல."

"எப்பவாவது ஓட்டுவாங்க" என்றேன்.

"அப்ப அதையே ஒரு லெட்டரா எழுதி கையெழுத்து வாங்கிட்டு வந்துடுங்க. அவசரத்துக்கு மட்டும் ஓட்டுவேன், மத்தபடி தம்பிதான்னு. நானே டைப் பண்ணித் தர்றேன்."

டைப் பண்ணித் தந்தார். மூன்று வரி.

மார்ச் 8, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

போகிற வழியெல்லாம் என்ன சொல்வாள், நான் என்ன பதில் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். எதுவும் தேவைப்படவில்லை. நான் சொல்லி முடித்ததும், "சரிடா. உன் கார்தானே" என்றாள். எழுந்து போய் டீ போட்டாள்.

அக்கா பிசியோதெரபிஸ்ட். காலையில் கிளினிக், மதியத்துக்கு மேல் வீடு வீடாகப் போய்ப் படுத்துக் கிடப்பவர்களை எழுப்பி நடக்க வைப்பது. என்னைவிட எட்டு வயது மூத்தவள், கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். நாற்பத்தைந்து வயதில் நான்தான் அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன், சந்தை இல்லாத நாள் பார்த்துச் சந்தை மைதானத்தில். கியர் சத்தம் போடும்போதெல்லாம் "ஐயோ, ஸாரி" என்பாள். என்னிடம் சொல்கிறாளா காரிடம் சொல்கிறாளா தெரியாது. ஓட்டப் பழகியதும் சாவியை அவள் கையில் வைத்து, "இனிமே இது உன் கார் மாதிரி" என்றேன்.

மாதிரி. நல்லவேளை அந்த ஒரு வார்த்தையைச் சேர்த்துக்கொண்டேன் என்று இன்றைக்கு வரும் வழியில் நினைத்தேன். என்ன ஜென்மம் நான்.

"எப்ப வேணும்?" என்று கேட்டாள்.

"பதினெட்டு, புதன்கிழமை."

"வெள்ளி வரைக்கும் வச்சுக்கட்டுமா? குவாரி மேட்டுல ஒரு ரிட்டயர்டு தபால்காரர் இருக்கார். பக்கவாதம் வந்து ஒரு வருஷம் படுத்துக் கிடந்தவர், இப்பதான் எழுந்து அடி எடுத்து வைக்கிறார். செவ்வாயும் வெள்ளியும் அவர் முறை. மேட்டுக்கு பஸ் கிடையாது."

"கழுவ விடணும்கா. அங்க ஒரு பொட்டு மண்ணு இருந்தாக்கூட எடுத்துக்க மாட்டாங்களாம்."

"சரி சரி. புதன்கிழமையே வச்சுக்க."

கழுவச் சனிக்கிழமைதான் நேரம் வாங்கியிருக்கிறேன். கப்பல் இருபத்தேழாம் தேதி. வெள்ளி வரை தாராளமாக விட்டிருக்கலாம். விட்டால் என் மனசு மாறிவிடும் என்று எனக்கே பயம்.

மார்ச் 10, செவ்வாய்

கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள். படித்துப் பார்க்கவில்லை. படித்திருந்தால் தேவலை.

மார்ச் 18, புதன்

கார் வந்துவிட்டது. அவளே உள்ளே துடைத்துப் பெருக்கி வைத்திருந்தாள். இரண்டு சாவி, சர்வீஸ் பில்கள் எல்லாம் தேதிவாரியாக ஒரு கவரில். "கிளட்ச் கொஞ்சம் மேல பிடிக்குது, பார்த்து விடு" என்றாள். அவ்வளவுதான்.

"கிளினிக்ல இறக்கி விடறேன்கா, ஏறு."

"வேணாம். பஸ் பழகிக்கணும்ல."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. நிஜமாகவே பழகிக்கொள்ள வேண்டும் என்றுதான் சொன்னாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். கண்ணாடியில் அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு, சீட்டைப் பின்னால் தள்ளினேன். மூன்று வருடமாக அவள் உயரத்துக்கே இருந்த சீட், லேசில் நகரவில்லை.

மார்ச் 21, சனி

கழுவும் கடையில் காரைத் தூக்கி நிறுத்தி, அடியில் நீராவி அடித்தார்கள். சக்கரக் குழிகளிலிருந்து மண் கட்டி கட்டியாக விழுந்தது. கடைக்காரர், "எந்த மலைக்கு சார் தினமும் போவீங்க?" என்று கேட்டார். சிரித்து வைத்தேன்.

மார்ச் 27, வெள்ளி

கப்பல் ஏறிவிட்டது. ஏஜெண்ட் படம் அனுப்பினார். நூறு கார்களுக்கு நடுவில் எது என் கார் என்று எனக்கே தெரியவில்லை.

மே 6, புதன்

வந்து நாலு நாள். வீடு ஐந்தாம் மாடியில். எங்கள் கட்டடத்து லிஃப்ட் கதவு மூடும்போது ஒரு தடவை தயங்கிவிட்டு மூடுகிறது. சென்சாரில் தூசு. கை துறுதுறுக்கிறது, ஆனால் அது வேறு கம்பெனியின் லிஃப்ட்.

வேலையில் என்னோடு ஒரு ஆள். குட்டையாக, சுறுசுறுப்பாக இருக்கிறான். எல்லோரும் அவனை 'எலி' என்கிறார்கள், அவனும் கோபித்துக்கொள்வதில்லை. பதினாலு மாடிக் கட்டடத்தின் மெஷின் ரூமில் இன்று முழுக்க பிரேக் மாற்றினோம். பஸ் நிறுத்தம் வீட்டிலிருந்து மூன்று நிமிஷம். பஸ் நேரத்துக்கு வருகிறது, காலியாக வருகிறது. இவ்வளவு நல்ல பஸ் இருக்கும் என்று யாரும் சொல்லவில்லையே.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

மே 27, புதன்

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

துறைமுகத்தில் சுங்கத்துறையின் பெரிய ஷெட். என் கார் ஓரமாக, தூசியோடு நின்றது. அதிகாரி ஒரு பெண்மணி, ஐம்பது வயதிருக்கும், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டி மார்பில் தொங்கவிட்டிருந்தார். மரியாதையாகப் பேசினார். சேசிஸ் நம்பர் பார்த்தார், விளக்குகளைப் பார்த்தார், டார்ச் அடித்து அடியில் பார்த்தார். பிறகு கேட்டார்: "கடந்த ஒரு வருடம் இதை ஓட்டியது யார்?"

"நான்தான்."

"அக்கா?"

"அவசரத்துக்கு மட்டும். கடிதம் வைத்திருக்கிறேன்."

தலையாட்டினார். மண் இருக்கிறதா என்று பார்க்க ஓட்டுநர் சீட்டை முழுதாக முன்னால் தள்ளி, சீட் நகரும் தண்டவாளத்துக்கு அடியில் கையை விட்டார். ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தோடு கை வெளியே வந்தது. உள்ளங்கை அகலம், நீல அட்டை. புரட்டிப் பார்த்தார். நம் எழுத்து அவருக்குத் தெரியாது, எண்கள் மட்டும் தெரியும். "இது என்ன கணக்கு?"

வாங்கிப் பார்த்தேன். அக்கா கையெழுத்து. தேதிகள். ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில்: இரண்டு அடி, இரண்டு அடி, மூன்று அடி.

உண்மையைச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. ஒரு மூச்சு இழுத்துவிடுகிற நேரம், அது போதும். "எனக்கு முதுகில் ஆபரேஷன் ஆனது. நான் நடந்து பழகிய கணக்கு" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இப்போது பரவாயில்லையா?"

"பரவாயில்லை."

"நல்லது. பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி முத்திரை போட்டார். ஒரு வருடத்துக்கு இதை விற்கவோ, கொடுக்கவோ, நாட்டை விட்டு வெளியே அனுப்பவோ கூடாது என்ற தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

எவ்வளவு சுலபமா வந்துச்சு அந்தப் பொய். எங்கிருந்துடா வந்துச்சு? அக்கா நோட்ட கையில வச்சுக்கிட்டே சொன்னேன்.

மே 28, வியாழன்

மெஷின் ரூமில் சாப்பாட்டு நேரத்தில் நோட்டைப் படித்தேன். பல பேர் இருக்கிறார்கள், பெயரில்லாமல்: 'இடுப்பு டீச்சர்', 'ரெட்டை மாடி அம்மா', 'தையல்காரர் தோள்'. கடைசிப் பக்கம் முழுக்கத் தபால்காரர்தான்.

மார்ச் 3: 4 அடி. மார்ச் 6: 5, சுவரைப் பிடிக்காமல். மார்ச் 10: 5, முகம் சரியில்லை, நானும் விட்டுவிட்டேன். மார்ச் 13: 7. மார்ச் 17: 7, வாசல் வரை போயே தீருவேன் என்று அடம். மார்ச் 20 என்று தேதி மட்டும் முன்கூட்டியே எழுதி, பக்கத்தில் 'வாசல்'.

மார்ச் பத்து. நான் கடிதத்தில் கையெழுத்து வாங்கிய நாள்.

ஜூன் 14, ஞாயிறு

குடும்பத்தோடு ஏரிக்கரைக்குக் காரில் போனோம். கார் நன்றாக ஓடுகிறது. மகள் பின் சீட்டில் ஏறியதும், "அத்தை வாசனை போயிடுச்சு" என்றாள். அக்கா நோயாளிகளுக்குத் தேய்க்கிற தைல வாசனையைச் சொல்கிறாள். நீராவி அடித்தபோதே போய்விட்டது.

மனைவி வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஜூலை 19, ஞாயிறு

அக்கா வாரத்துக்கு ஒரு தடவை மனைவியோடு பேசுகிறாள். என்னிடம் "சாப்பிட்டியா, வேலை எப்படி" அதோடு சரி. சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானமாவது ஆகலாம்.

இன்று துணி மடித்துக்கொண்டே மனைவி சொன்னாள். "அக்கா மதியானம் போற வீட்டையெல்லாம் விட்டுட்டாங்களாம். பஸ் மாறி மாறிப் போனா ஒரு நாளைக்கு ஒரு வீடுதான் முடியுது."

"தபால்காரர்?"

அவளுக்கு ஆச்சரியம், எனக்கு எப்படித் தெரியும் என்று. ஆனால் கேட்கவில்லை. "அவரை மட்டும் விடல. கீழ ரோட்டுல இறங்கி முக்கால் மணி நேரம் ஏறணுமாம். அதனால வாரம் ரெண்டு தடவை போனது ஒரு தடவையாச்சு. நடுவுல மழைல பாதை அரிச்சுக்கிட்டுப் போய் நாலு வாரம் போகவே முடியல. அதுக்குள்ள அவருக்கு முட்டி மடங்கி இறுகிப் போச்சாம். இப்ப நிக்க வச்சா நிக்கிறதில்ல. அக்கா அழுதுட்டாங்க."

அக்கா அழுது நான் பார்த்ததில்லை. இப்போதும் பார்க்கவில்லை. கேட்டதோடு சரி.

ஜூலை 22, புதன்

அரை நாள் லீவு போட்டுச் சுங்க அலுவலகம் போனேன். உண்மையைச் சொல்லிவிட்டு, என்ன அபராதமோ கட்டிவிட்டு, காரைத் திரும்ப அக்காவுக்கே அனுப்பிவிடலாம் என்று. டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். எதிர்ச் சுவரில் ஒரு அறிவிப்பு: பொய் அறிக்கை தருபவரின் குடியிருப்பு அனுமதி ரத்தாகலாம். ஒப்பந்தம், மகளின் பள்ளிக்கூடம், ஐந்தாம் மாடி வீடு, எல்லாம் அந்த ஒரு வரியில் தொங்கியது.

காரைச் சோதித்த அந்த அதிகாரி அம்மாவே வந்தார், கையில் ஃபைலோடு. அடையாளம் தெரிந்து நின்றார். "முதுகு எப்படி இருக்கிறது?"

"நன்றாக இருக்கிறது."

"சந்தோஷம்" என்று சொல்லிப் போனார். என் எண்ணைக் கூப்பிடுவதற்குள் நான் வெளியே வந்துவிட்டேன்.

எலி கேட்டான், போன வேலை முடிந்ததா என்று. முடிந்தது என்றேன்.

நவம்பர் 8, ஞாயிறு

பனி பெய்கிறது. பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறேன். கார் வாரக் கடைசிக்கு மட்டும். பேட்டரி இறங்காமல் இருக்க இரண்டு நாளுக்கு ஒருமுறை கீழே போய் ஸ்டார்ட் செய்து, கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.

பிப்ரவரி 21, ஞாயிறு

துணிந்து அக்காவிடம் நானே பேசினேன். "அங்க ஒரு பழைய கார் பார்க்கச் சொல்லட்டுமாக்கா? நான் ஏற்பாடு பண்றேன்."

 

"வேணாம்டா. ஓட்டி ஒரு வருஷம் ஆகப்போகுது. கை விட்டுப் போச்சு. இப்ப ரோட்டுல வண்டிகளப் பார்த்தாலே பழைய பயம் வந்துடுது."

"நான் லீவுல வரும்போது மறுபடியும் சொல்லித் தர்றேன்."

"எனக்கு நாற்பத்தொன்பது ஆச்சு" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு மகள் ஃபோனை வாங்கிக்கொண்டாள்.

மே 28, வெள்ளி

ஒரு வருடத் தடை முடிந்தது. இனி காரை விற்கலாம், கொடுக்கலாம், எங்கே வேண்டுமானாலும் அனுப்பலாம். யாருக்கு?

ஜூன் 10, வியாழன்

லீவில் வந்திருக்கிறோம். அக்கா மெலிந்திருக்கிறாள், ஆனால் நடை வேகம் கூடியிருக்கிறது. நாளைக்குக் குவாரி மேட்டுக்குப் போகிற நாளாம். நானும் வருகிறேன் என்றேன். "எதுக்கு? வெயில்ல ஏறணும்" என்றாள். வருகிறேன் என்றேன் மறுபடியும். தோளைக் குலுக்கிக்கொண்டாள்.

ஜூன் 11, வெள்ளி

இரண்டு பஸ். பிறகு மேடு. கல் லாரி போய்ப் போய்க் குழி விழுந்த பாதை. முதல் வளைவிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. அக்கா நிற்கவில்லை. மேலே ஒரு புங்க மரத்தடியில் காத்திருந்தாள், வாரா வாரம் அங்கேதான் தண்ணீர் குடிப்பாளாம். கைக்கடிகாரத்தில் மணி பார்த்தேன். நாற்பத்திரண்டு நிமிஷம். காரில் ஆறு நிமிஷம் ஆகும் என்று அவள் சொல்லவில்லை, நான்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

கடைசி வீடு. தபால்காரரின் மனைவி கதவைத் திறந்தார். அக்காவைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை, ஒதுங்கி வழிவிட்டார்.

"தம்பி. லீவுல வந்திருக்கான்" என்றாள் அக்கா.

அவர் கட்டிலில் படுத்திருந்தார். நல்ல நெடிய ஆள், ஒரு காலத்தில் மேடு மேடாக ஏறி இறங்கிய கால்கள். இப்போது இரண்டு முட்டியும் மடங்கியபடியே இருக்கின்றன. பேச்சு குழறுகிறது, ஆனால் முகம் தெளிவு. என்னைப் பார்த்து ஒரு பக்கமாகச் சிரித்தார். அக்கா தைலம் எடுத்தாள். "சும்மா நிக்காத. குதிகாலப் பிடி. நான் சொல்லும்போது உன் பக்கமா இழு, மெதுவா." பிடித்தேன். லேசான கால், ஆனால் நீள மறுத்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் அவர் கண்ணை மூடிக்கொண்டார், சத்தம் போடவில்லை.

அந்தம்மா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், அக்காவுக்கும் கேட்கும்படியாக, சொன்னார்: "வாசல் வரைக்கும் நடக்க வச்சிடறேன்னு சொன்னாங்க தம்பி உங்க அக்கா. இவரும் நம்பி அந்த வெள்ளிக்கிழமை விடியக்காலைலயே சட்டையெல்லாம் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தார். பார்த்தா ஆளக் காணோம், அப்புறம் வந்து நல்ல விலை வந்துச்சுன்னு காரை வித்துட்டேன்றாங்க. அவங்க கார், அவங்க இஷ்டம். நாம என்ன சொல்ல முடியும்?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் முட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள், தலை நிமிரவில்லை. ஒரு வருடத்துக்கு மேலாக இந்த வீட்டில் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே இந்தக் காலைத் தேய்த்திருக்கிறாள்.

"அக்கா விக்கலைம்மா" என்றேன். "அது என் பேர்ல இருந்த கார். வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது நான் எடுத்துட்டுப் போயிட்டேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் வச்சுக்கட்டுமான்னு இவருக்காகத்தான் கேட்டா. கொடுத்திருக்க முடியும், இருந்தும் கொடுக்கல."

குதிகால் இன்னும் என் கையில்தான் இருந்தது. தபால்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் கண்ணைத் திருப்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டார்.

அந்தம்மா அக்காவிடம், "நீங்க சொல்லவே இல்லையே" என்றார்.

"என்னத்தச் சொல்றது" என்றாள் அக்கா. பிறகு என்னிடம், "இழு. இன்னும் பத்து தடவை. நாலு பத்துக்கு பஸ்."

பத்து தடவை இழுத்தேன்.

கிளம்பும்போது அந்தம்மா வாசலுக்கு வெளியே, பாதை தொடங்குகிற இடம் வரை வந்தார். என்னைப் பார்க்கவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பார்த்துப் போம்மா. கல்லு சறுக்கும்" என்றார்.

பஸ்ஸில் அக்காவுக்கு ஜன்னலோரம் கிடைத்தது. இரண்டு நிறுத்தம் தாண்டியதும், வெளியே பார்த்தபடியே சொன்னாள்.

"முன்னல்லாம் அந்தம்மா எப்பவும் பார்த்துப் போம்மான்னுதான் சொல்லி அனுப்புவாங்க. கார் போனதுக்கப்புறம் இன்னைக்குத்தான் சொல்றாங்க."